புண்ணாக்குக்கு விலை உண்டு, கழிவுநீருக்கு?

எலெக்ட்ரானிக் சிட்டியில் வங்கி வேலை என்றால் வீட்டுக்கடன், கார் கடன், ஐ.டி. கம்பெனிகளின் சம்பளக் கணக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஓசூர் ரோடு நெடுக பொம்மசந்திரா, ஜிகணி என்று தொழிற்பேட்டைகள் இருப்பதால், நடுநடுவே என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்குச் சுவாரசியமான ஃபைல்களும் மேஜைக்கு வரும். அப்படி வந்த ஒன்று, ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் கடன் விண்ணப்பம். ஆலையில் மிஞ்சும் கழிவைத் தொட்டியில் போட்டு எரிவாயு எடுத்து, அந்த வாயுவிலேயே பாய்லரை ஓட்டப் போகிறார்களாம். அதற்குக் கடன் வேண்டும்.

கடன் கொடுத்தோமா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை (எழுதவும் கூடாது!). எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. நான் விருதுநகர்க்காரன். எண்ணெயும் பருப்பும் வத்தலும் விற்றே வளர்ந்த ஊர். எண்ணெய் வியாபாரத்தில் "கழிவு" என்ற சொல்லை என் சின்ன வயதில் கேட்டதே கிடையாது. பிறகு இந்தக் கழிவு எப்போது, எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனதில் கதை விருதுநகரில் தொடங்கி, கர்நாடகத்துக் கிராமம் ஒன்றைத் தொட்டு, மலேசியாவில் நம்மவர்கள் வேலை பார்த்த தோட்டங்களில் போய் நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செக்கில் கழிவு இல்லை

கடலைப் பருப்பு நூறு கிலோவைச் செக்கில் ஆட்டினால் நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே எண்ணெய் கிடைக்கும். மீதி புண்ணாக்கு. புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டுச் சாணி வயலுக்கு. வேப்பம் புண்ணாக்காக இருந்தால் மாட்டை விட்டுவிட்டு நேராக வயலுக்கே. எள்ளுப் புண்ணாக்கை மனிதர்களே கருப்பட்டி சேர்த்துத் தின்பதுண்டு. செக்கின் அடியில் தங்கும் கசடுகூட விளக்குக்குப் போய்விடும்.

காமர்ஸ் படித்தவர்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங் பாடம் நினைவிருக்கும். துணைப்பொருளை விற்று வரும் காசைப் பிரதானப் பொருளின் அடக்கவிலையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் இதை ஒரு செமஸ்டர் சொல்லிக்கொடுத்தார்கள். செக்குக்காரருக்குப் பாடம் தேவைப்படவில்லை. புண்ணாக்கு விலை ஏறினால் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி விற்கலாம், புண்ணாக்கு தேங்கினால் எண்ணெயை ஏற்ற வேண்டும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் எக்ஸ்பெல்லர் வந்தது. பிறகு புண்ணாக்கில் மிச்சமிருக்கும் ஏழெட்டு சதவீத எண்ணெயையும் ஹெக்சேன் என்ற கரைப்பானால் உறிஞ்சி எடுக்கும் ஆலைகள் வந்தன. அந்த எண்ணெயை அப்படியே சமைக்க முடியாது. ஆகவே சுத்திகரிப்பு வந்தது. நம் பாக்கெட்டுகளில் போட்டிருக்கும் "ரீஃபைண்டு" இதுதான்.

சுத்திகரிப்பில் நாலு படி. முதலில் வெந்நீர் அல்லது அமிலம் விட்டு எண்ணெயிலுள்ள பிசினை எடுப்பார்கள். அடுத்து காஸ்டிக் சோடா சேர்த்துப் புளிப்பை முறிப்பார்கள். மூன்றாவது, ஒருவகைக் களிமண்ணைக் கலந்து நிறத்தை வெளுப்பார்கள். கடைசியில் வெற்றிடத்தில் நீராவி விட்டு வாடையைப் போக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று மிஞ்சும்.

அந்த மிச்சங்களுக்கும் வியாபாரிகள் விலை கண்டுபிடித்துவிட்டார்கள். பிசின் லெசித்தின் ஆகிச் சாக்லேட்டுக்குள் போகிறது. காஸ்டிக் படியில் வரும் சோப் ஸ்டாக், ஆசிட் ஆயிலாகிச் சோப்புக்குப் போகிறது. வாடை போக்கும்போது ஆவியாகி வருவதை வடித்தெடுத்து, அதிலிருந்து வைட்டமின் ஈ-கூட எடுக்கிறார்கள். வெளுக்க உதவிய மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய் ஊறிக் கிடக்கும். அது கொஞ்சம் தொல்லை பிடித்தது, குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும். அதையும் சூளைகளில் எரிக்க வாங்கிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் விற்ற பிறகு மிஞ்சுவது கழுவிய தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கும் கொழுப்பும் கலந்த தண்ணீர். அதை வாங்க ஆளில்லை. எண்ணெய்த் தொழிலின் பேரேட்டில் விலை எழுத முடியாத முதல் சரக்கு இதுதான்.

சாணிக்குழியும் புண்ணாக்கும்

எரிவாயு எடுப்பது இந்தியாவுக்குப் புதிதில்லை. பம்பாய் மாட்டுங்காவில் தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் 1897-லேயே மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. 1950-களில் ஜஷ்பாய் படேல் "கிராமலட்சுமி" என்ற பெயரில் சாண எரிவாயுக் கலனை வடிவமைத்தார். 1960-களில் காதி கிராமத் தொழில் ஆணையம் அதை ஊர் ஊராகக் கொண்டு போனது. மேலே இரும்பு டிரம் மிதக்கும் அந்த "கோபர் காஸ்" குழியை எங்கள் பக்கத்து வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

பெங்களூருக்கு இதில் தனி இடம் உண்டு. இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டி 1974-ல் "அஸ்த்ரா" என்ற குழுவைத் தொடங்கினார். கிராமங்களுக்கு ஏற்ற தொழில்நுட்பம்தான் நோக்கம். அவர்கள் தும்கூர் மாவட்டம் குணிகல் தாலுகாவில் பூரா என்ற சிறிய கிராமத்தில் சமுதாய எரிவாயுக் கலன் அமைத்தார்கள். முதலில் சமையலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எல்லா வீட்டுக்கும் போதுமான சாணி இல்லை. 1987-லிருந்து அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டி, குழாயில் குடிநீரும் வீட்டுக்கு விளக்கும் கொடுத்தார்கள். சாணி கொடுத்தவர்களுக்குக் கரைசல் எருவாகத் திரும்பிப் போனது. எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து இரண்டரை மணி நேர தூரத்தில் இப்படி ஒரு சரித்திரம் நடந்திருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். புண்ணாக்கில் சாணியைவிட எத்தனையோ மடங்கு வாயு எடுக்கலாம். மாடு செரித்தது போக வெளியே தள்ளும் மிச்சம்தானே சாணி, புண்ணாக்கில் சத்து அப்படியே இருக்கிறது. பிறகு ஏன் யாரும் கடலைப் புண்ணாக்கைக் குழியில் போடவில்லை?

காரணம் மாடு. மாடு கொடுக்கும் பாலுக்கு முன்னால் குழி கொடுக்கும் வாயு போட்டி போட முடியாது. விலை போகும் பொருள் குழிக்கு வராது. யாரும் வாங்காததுதான் வரும். எண்ணெயிலிருந்து எரிவாயு எடுத்த சரித்திரம் முழுக்க இந்த ஒரு விதியின்படிதான் நடந்திருக்கிறது.

செம்பனை வந்த கதை

சரி, யாரும் வாங்காத கழிவு மலைபோல் குவிந்த இடம் எது? மலேசியா. நாம் பாமாயில் என்கிறோம், மலேசியத் தமிழர்கள் அந்த மரத்தைச் செம்பனை என்கிறார்கள். அழகான சொல், நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ல் நாலே நாலு கன்றுகள் ஜாவாவில் உள்ள போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றின் வாரிசுகள் சுமத்ராவுக்குப் பரவின. அங்கிருந்து விதை கொண்டுவந்து, ஆங்ரி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-ல் கோலசிலாங்கூர் பக்கத்தில் தென்னமாரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காகப் பயிரிட்டார். மலாயாவில் அதுதான் முதல் செம்பனைத் தோட்டம். (இவர் பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார்.)

நாற்பது வருடம் அது ரப்பருக்குப் பக்கத்தில் சின்னப் பயிராகவே இருந்தது. செயற்கை ரப்பர் வந்து விலை ஆட்டம் கண்டதும் மலேசியா பயிரை மாற்றியது. 1960-ல் செம்பனை 54,000 ஹெக்டேர். 1980-ல் பத்து லட்சம் ஹெக்டேர். நடுவே 1960-களில் நைஜீரியாவை முந்திப் பாமாயில் ஏற்றுமதியில் முதலிடம்.

பால்மரம் வெட்டிய கைகளே செம்பனைக் குலையும் அறுத்தன. அந்தக் கைகளில் பெரும்பங்கு தமிழர்களுடையது. அது அமைதியான மாற்றம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1950-களிலும் 60-களிலும் பெரிய வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்துக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1969 வாக்கில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்றானதும் சுமார் 60,000 இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். எங்கள் தெருவிலேயே "மலேயாக்காரர் வீடு" என்று இரண்டு வீடு இருந்தது.

ஒரு பேங்க்காரனாக நான் தொப்பியைக் கழற்றும் சம்பவமும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. துண்டு போட்டு விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டும் பெண்கள் நகையை அடகு வைக்காமல் தோட்டத்தில் பங்குதாரர் ஆனார்கள். எந்த மைக்ரோ ஃபைனான்ஸ் பாடப் புத்தகத்திலும் முதல் அத்தியாயமாக வைக்கலாம். பின்னாளில் அந்தச் சங்கத் தோட்டங்களிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது.

ஆற்றின் கணக்கு

செம்பனைக் குலையை அறுத்து 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் புளிப்பு ஏறிவிடும். அதனால் ஆலை தோட்டத்துக்குள்ளேயோ பக்கத்திலேயோதான் இருக்கும். ஆலைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ஆற்றோரமாக இருக்கும். குலையை நீராவியில் அவித்து, பழத்தை உதிர்த்து, மசித்துப் பிழிந்து, தண்ணீர் விட்டு எண்ணெயைத் தெளிய வைப்பார்கள். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய மூன்று டன் கழிவுநீர் மிஞ்சும். பழுப்பு நிறம், கைவைக்க முடியாத சூடு, புளிப்பு நாற்றம்.

விஷம் எதுவும் அதில் இல்லை. எல்லாம் பழச்சாறும் நாரும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். ஆனால் ஆற்றில் விழுந்ததும் கிருமிகள் அதைத் தின்னத் தொடங்கும். தின்னும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்யும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். இந்த ஆக்சிஜன் பசியை அளப்பதுதான் பி.ஓ.டி. என்ற அளவு. நம் வீட்டுச் சாக்கடைத் தண்ணீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் இருந்தால், பாமாயில் ஆலைக் கழிவுநீரில் 25,000 மில்லிகிராம். நூறு மடங்கு!

கிள்ளானில் இருக்கும் என் அத்தை தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். போனில் பேசும்போது இதைப் பற்றிக் கேட்டேன்.

"அதை ஏன் தம்பி கேக்குறே? ஆலை ஓடுற நாள்ல ஆத்துல தண்ணி காப்பி மாதிரி வரும். துணி அலசினா நாத்தம் ரெண்டு நாளைக்குப் போகாது. மீனெல்லாம் வெள்ளையா மெதக்கும். பொடியனுங்க கூடையோட ஓடுவானுங்க, எங்கம்மா அடிச்சு வெரட்டும்."

"யாரும் புகார் சொல்லலையா அத்தை?"

"யாருகிட்ட சொல்றது? ஆலையும் தொரையோடது, லயமும் தொரையோடது."

இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. விலை எழுதாத அந்தச் சரக்குக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆற்றில் குளித்தவர்களும் மீன் பிடித்தவர்களும்தான் அது. ஆலையின் லாப நட்டக் கணக்கில் அது ஏறவில்லை, அவ்வளவே.

சட்டம் எழுதிய விலை

1974-ல் மலேசியா சுற்றுச்சூழல் தரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் 1977-ல் கச்சாப் பாமாயில் ஆலைகளுக்கென்று தனி விதிகள். ஏராளமான நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றன. இந்த விதியை எழுதியவர்கள் கணக்கு தெரிந்தவர்கள் என்பதுதான் விசேஷம்.

உடனே மூடு என்று சொல்லவில்லை. நாட்டின் முக்கியமான ஏற்றுமதி, மூடவும் முடியாது. படிப்படியாக இறக்கச் சொன்னார்கள். 1978-ல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை அனுமதி. பிறகு வருடத்துக்கு வருடம் 2,000, 1,000, 500 என்று குறைந்து, 1980-களின் நடுவில் 100. அந்த முதல் வருடம் மட்டும் மீறினாலும் ஆலையை மூட மாட்டோம், ஆனால் காசு கட்ட வேண்டும். வரம்புக்குள் விட்ட மாசுக்கு டன்னுக்கு 10 வெள்ளி. வரம்பை மீறியதற்கு டன்னுக்கு 100 வெள்ளி. சுத்தம் செய்ய ஆராய்ச்சி செய்கிறோம் என்றால் கட்டணத்தில் சலுகை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 டன் குலை அரைக்கும் நடுத்தர ஆலை, நாளுக்கு 20 மணி நேரம் ஓடுகிறது. 600 டன் குலை, சுமார் 390 டன் கழிவுநீர். அதில் மாசு ஏறக்குறைய 10 டன். 5,000 மில்லிகிராம் வரம்புக்குள் வருவது 2 டன், அதற்கு 20 வெள்ளி. மீதி 8 டன்னுக்கு 800 வெள்ளி. ஆக ஒரு நாளைக்கு 820 வெள்ளி. அதே ஆலையின் தோட்டத்துத் தொழிலாளி சங்கப் பங்குக்கு மாதம் 10 வெள்ளி கட்டத் திணறியதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி அக்கவுண்டண்டைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் தொகை இது.

கேட்டார்கள். 1978-ல் மலேசியப் பாமாயில் ஆலைகள் நாளொன்றுக்கு 200 டன்னுக்கு மேல் பி.ஓ.டி. மாசை ஆறுகளில் விட்டன. 1980-க்குள் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் ஆலைகளும் உற்பத்தியும் கூடிக்கொண்டேதான் இருந்தன. தொழில் அழியும் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆறு பிழைத்தது, ஆகாயம் மாட்டிக்கொண்டது

இத்தனை மாசை எப்படிக் குறைத்தார்கள்? குளம் வெட்டினார்கள். ஆலைக்குப் பின்னால் ஆழமான குளங்களை வரிசையாக வெட்டி, கழிவுநீரை வாரக்கணக்கில் தேக்கி வைத்தார்கள். ஆழத்தில் காற்று கிடையாது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மாசைத் தின்றுவிடும். வெயிலும் சூடும் மலேசியாவில் தாராளம், நிலமும் இருந்தது. செலவு குறைவு. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மாசு போய்விடும்.

ஆனால் அந்த நுண்ணுயிர்கள் வெளியே விடுவது என்ன? நம் கோபர் காஸ் குழியில் வருவதுதான், மீத்தேன். ஒரு டன் கழிவுநீருக்கு ஏறக்குறைய 28 கன மீட்டர் எரிவாயு. சமையல் சிலிண்டர் கணக்கில் சொன்னால் ஒரு சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாம் மேலே பார்த்த ஆலையில் மட்டும் தினமும் 300 சிலிண்டருக்கு மேல் குமிழ் குமிழாகக் காற்றில் போகிறது. மீத்தேன் நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆற்றின் பேரேட்டிலிருந்து பற்றை எடுத்து ஆகாயத்தின் பேரேட்டில் எழுதிவிட்டார்கள். பேங்க் பாஷையில் இதற்குப் பெயர் எவர்கிரீனிங் :-)

பிடித்து எரித்தவர்களும் இருந்தார்கள். 1980-களில் தென்னமாரம் ஆலையில் மூடிய தொட்டிகள் கட்டி வாயு பிடித்து எஞ்சின் ஓட்டினார்கள். ஆம், 1917-ல் முதல் செம்பனை நட்ட அதே தென்னமாரம். ஜொகூர் மாநிலம் மாசாயில் கெக் செங் நிறுவனமும் 1980-களிலேயே தொடங்கியது. அங்கே பிழியும் ஆலைக்குப் பக்கத்திலேயே சுத்திகரிப்பு ஆலையும் இருந்தது. வாடை போக்கும் படிக்கு நல்ல உஷ்ணம் தேவை என்று மேலே சொன்னேனல்லவா? அந்தச் சூட்டுக்கு வாயு பயன்பட்டது. வாயுவை வாங்க ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

மற்ற ஆலைகள் ஏன் செய்யவில்லை? மறுபடியும் அதே பழைய விதி. ஆலையில் பிழிந்த நாரும் கொட்டை ஓடும் மலையாகக் குவியும். அதைப் பாய்லரில் போட்டாலே நீராவியும் மின்சாரமும் இலவசம். காட்டு நடுவில் இருக்கும் ஆலைக்கு மின்வாரியக் கம்பி பல கிலோமீட்டர் தள்ளி. வாயுவைப் பிடித்து என்ன செய்வது? தொழில்நுட்பம் தயாராக இருந்தும் இருபது வருடம் அது விலைக்காகக் காத்திருந்தது.

விலை இரண்டு தவணையாக வந்தது. கியோட்டோ ஒப்பந்தம் 2005-ல் நடைமுறைக்கு வந்ததும், மீத்தேனைப் பிடித்தால் கார்பன் கிரெடிட் விற்கலாம் என்றானது. ஆலைகள் குளத்தின்மேல் தார்ப்பாய் போல் கெட்டியான உறை போர்த்தி வாயுவைப் பிடித்தன. 2012-ல் கிரெடிட் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்ததும் அந்த உற்சாகம் வடிந்தது. இரண்டாவது தவணை உள்நாட்டில் கிடைத்தது. 2011-ல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் போட்டு, வாயுவில் எடுக்கும் மின்சாரத்தை உறுதியான விலைக்கு மின்கட்டமைப்பு வாங்கும் என்றார்கள். 2014 ஜனவரியிலிருந்து, புதிதாக ஆலை கட்டினாலும் பழையதைப் பெரிதாக்கினாலும் மீத்தேனைப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால்தான் அனுமதி.

1977-ல் தண்ணீருக்கு விலை. 2014-ல் காற்றுக்கு. நடுவே முப்பத்தேழு வருடம்.

நம் அடுப்பும் அந்த ஆறும்

இதெல்லாம் மலேசியாக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது இந்தியா. சமீப ஆண்டுகளில் வருடத்துக்கு 75 லட்சம் டன்னிலிருந்து ஒரு கோடி டன் வரை. பெரும்பகுதி இந்தோனேசியாவும் மலேசியாவும் அனுப்புவது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் மலிவு விலைப் பாமாயில் 2007-லிருந்து கிடைக்கிறது. ஊரில் பஜ்ஜி கடை முதல் இங்கே எலெக்ட்ரானிக் சிட்டி கேண்டீன்கள் வரை வாணலியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

கப்பலில் நமக்கு வருவது எண்ணெய் மட்டும். கழிவுநீர் அங்கேயே தங்கிவிடுகிறது. நாம் வாங்கும் ஒரு லிட்டர் பாமாயிலுக்குச் சுமார் மூன்று லிட்டர் கழிவுநீர் எங்கோ ஒரு தோட்டத்தில் மிஞ்சியிருக்கும். அதிலிருந்து எண்பது லிட்டர் அளவுக்கு வாயு எடுக்கலாம். ஒரு குடும்பத்தின் காலைக் காப்பிக்கு வெந்நீர் வைக்கப் போதும். பிடித்தார்களா, குளத்திலேயே விட்டார்களா என்பது பாக்கெட்டில் அச்சாகாது.

இனி அது அங்கேயே தங்கும் என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு செம்பனைக்கென்று தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஆந்திராவும் தெலங்கானாவும் முன்னால் நிற்கின்றன. இறக்குமதிச் செலவு குறைவது நல்லதுதான். ஆனால் மரம் வந்தால் ஆலை வரும், ஆலை வந்தால் எண்ணெய்க்கு மூன்று மடங்கு கழிவுநீரும் வரும். நம்முடைய ஆறுகள் மலேசிய ஆறுகளைப்போல் வருடம் முழுக்க ஓடுபவையும் அல்ல.

இந்தியாவில் வாயுவுக்கு விலை சொல்ல ஆள் வந்திருப்பது நல்ல சகுனம். 2018 அக்டோபர் 1-ல் தொடங்கிய சதத் திட்டத்தில், கழிவிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து அழுத்திய வாயுவை எண்ணெய் நிறுவனங்களே வாங்கிக்கொள்கின்றன. கோபர் காஸ் குழிக்குக் கடைசிவரை கிடைக்காத வாடிக்கையாளர் இது. பெரிய கேம்பஸ்களில் கேண்டீன் மிச்சத்தைக் கலனில் போட்டு வாயு எடுப்பதும் பரவியிருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியின் இன்ஃபோசிஸும் தன் வளாகங்களில் இப்படிக் கலன்கள் வைத்திருக்கிறது.

தாத்தா காலத்துச் செக்குக்கே போய்விடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 140 கோடிப் பேருக்குச் செக்கெண்ணெய் கட்டுப்படியாகாது, நானே மாதம் ஒரு லிட்டர்தான் வாங்குகிறேன். செக்குக்காரர் யோக்கியர், ஆலைக்காரர் அயோக்கியர் என்றும் இல்லை. செக்கில் மிஞ்சியதற்கெல்லாம் தெருவிலேயே வாங்க ஆள் இருந்தது, ஆலையில் மிஞ்சியதற்கு இல்லை. இல்லாத இடத்தில் சட்டம் ஒரு விலையை எழுதியது. எழுதிய பிறகுதான் முதலாளிக்கும் எஞ்சினியருக்கும் என்னைப் போன்ற பேங்க்காரனுக்கும் அது கண்ணில் பட்டது.

இப்போதெல்லாம் எண்ணெய் ஆலை ஃபைல் எது வந்தாலும் பேலன்ஸ் ஷீட்டைத் திறக்கும் முன் இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறேன். தண்ணீர் எங்கே போகிறது? அதிலிருந்து வரும் வாயு எங்கே போகிறது? பதில் சொல்லத் திணறினால், அந்தச் செலவை யாரோ ஊர்க்காரர் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கோலசிலாங்கூர், ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர் ஆறு 1978-க்கு முன்னால் எப்படி இருந்தது, அப்புறம் எப்படி ஆனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அரசாங்கக் கோப்புகளில் பி.ஓ.டி. எண்கள் இருக்கின்றன. துணியில் இரண்டு நாள் போகாத நாற்றம் அவர்கள் சொன்னால்தான் நமக்குத் தெரியும்.